சிரிக்காத போட்டோ

பேய் வந்ததும் தியேட்டர் சிரித்தது.

மட்டுவார்குழலி திரும்பி முறைத்தாள். தம்பி மாதவன் எடுத்த படம், முதல் நாள், மதியக் காட்சி. மாவு பூசிய முகமும் விரித்துப் போட்ட தலையுமாக ஒரு சென்னை நடிகை, ஸ்ரீரங்கத்துப் பழைய வீடொன்றின் மாடிப்படியில் தவழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தாள். பின்வரிசையிலிருந்து ஒருவன், "பாத்து எறங்குங்கக்கா, வழுக்கிடப் போவுது" என்று குரல் கொடுத்தான். அரங்கமே குலுங்கியது. பக்கத்து இருக்கையில் மாதவன் தலையைக் குனிந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கைலாசபுரம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், கணக்குப் பரீட்சைத் தாளை அப்பாவிடம் நீட்டிவிட்டு நிற்பானே, அதே முகம்.

அடுத்த காட்சியில் அந்த வீட்டுக் கூடத்தின் சுவர் வந்தது. சுவரில் ஒரு போட்டோ. சந்தன மாலை, நெற்றியில் குங்குமம், கீழே ஒரு சிவப்பு பல்பு. வேறொன்றும் நடக்கவில்லை. கேமரா அசையவில்லை, இசையும் இல்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். பாப்கார்ன் பையைக் கசக்கிக்கொண்டிருந்த முன்வரிசைப் பெண்ணின் கை அப்படியே நின்றது. போட்டோவில் இருந்தது குழலிதான்.

நர்ஸிங் படிப்பு முடித்தபோது சான்றிதழுக்காக எடுத்த படம் அது. சிரித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஸ்டுடியோக்காரர் மிரட்டியதில், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த முகம். கோபமும் இல்லை, சாந்தமும் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த முகம் அவ்வளவாக மாறவுமில்லை. "சொவத்துல மாட்ட ஒரு மொகம் வேணும்க்கா. தேடித் தேடிப் பாத்துட்டேன், ஒண்ணும் அமையல" என்று மாதவன் வந்து நின்றபோது, இதிலென்ன இருக்கிறது என்று அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். கதை என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரோ, மாலை போட்ட படத்தில் இருப்பவரோ, காட்சி முடிந்ததும் கேமரா முன்னால் வந்து ஒரு தரம் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். அதையும் பிடித்துக்கொண்டு, பூசணிக்காய் உடைத்த பிறகுதான் விளக்கை அணைப்பார்கள். குழலியையும் கூப்பிட்டார்கள். கேமராமேனே போன் செய்தார். அன்றைக்கு லேபர் வார்டில் மூச்சு விட நேரமில்லை. "சிரிக்கிறதுக்கெல்லாம் லீவு கேக்க முடியுமா சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கதை இன்னதென்று இப்போதுதான், இருட்டில் உட்கார்ந்து தெரிந்துகொண்டாள். போட்டோவில் இருப்பவள் ஒரு மருத்துவச்சி. செத்த பிறகும் பிரசவ வீடாகத் தேடிப் போய், பச்சைக் குழந்தையின் முதல் மூச்சை எடுத்துக்கொண்டு போகிறவள். "அடப்பாவி" என்று தம்பியின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

குழலி திருச்சி புத்தூரில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியின் மூத்த நர்ஸ். மலைக்கோட்டையில் தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொண்டு வருகிற பெண்களுக்கு, அவர் பக்கத்துச் சன்னிதி அம்மனின் பேரே இவளுக்கு இருப்பதைக் கேட்டதும் பாதி வலி குறைந்துவிடும். "கொழந்தைய நீங்கதாம்மா மொதல்ல தூக்கணும்" என்று மாதக்கணக்கில் முன்பே சொல்லிவைத்தவர்கள் உண்டு. ராசி, கைராசி என்பதெல்லாம் சும்மா என்று வெளியே சொல்லுவாள். உள்ளுக்குள் அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வம்தான். சமையல் சுமார், கோலம் போட்டால் கோணும், பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருக்கும் கணவரோடு பேச்சும் குறைவு. அந்த ஒரு அறைக்குள் நுழைந்தால் மட்டும் அவளைப்போல் ஒருத்தி கிடையாது. அது அவளுக்கே தெரியும்.

விமர்சனங்கள் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டன. பேயைவிடத் திரைக்கதைதான் பயமுறுத்துகிறது என்றது ஒரு பத்திரிகை. தில்லை நகர் காபிக் கடையில் உட்கார்ந்து யூட்யூபில் பேசுகிற பையன் ஒருவன், பேய்க்கு எழுந்து நடக்க வராதா, லாஜிக் வேண்டாமா என்று கால் மணி நேரம் கேட்டான். ஒரே ஒருவர் மட்டும், 'இந்தப் படத்தில் நடிக்கத் தெரிந்தது சுவரில் மாட்டிய போட்டோ ஒன்றுக்குத்தான்' என்று எழுதியிருந்தார். குழலி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கணவருக்கும் அனுப்பிவைத்தாள்.

மாதவனுக்கு இது கடைசி வாய்ப்பு. அவனுடைய முதல் படம் அப்பாவைப் போன்ற ஒரு தொழிற்சாலை ஃபிட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளைப் பற்றியது. விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஜனங்கள் எட்டிப் பார்க்கவில்லை. அப்பாவோடு வேலை பார்த்தவர்களே, அதான் தினம் பார்த்தோமே என்று சொல்லிவிட்டார்கள். பேய்ப்படமும் விழுந்தால் மறுபடி கல்யாண வீடியோதான். அந்த வார இறுதி முழுக்க அவன் திருச்சித் தியேட்டர்களில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, திரையைப் பார்க்காமல், உட்கார்ந்திருப்பவர்களையே பார்த்தான். பிறகு ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்து சப்பாத்தியைப் பிய்த்து வாயில் போட்டபடி பேசினான்.

"எங்க சிரிக்கிறாங்க, எங்க அடங்குறாங்கன்னு புரிஞ்சுபோச்சுக்கா. விமர்சனம் எழுதுறவருக்குப் பேய் ஏன் வந்துச்சுன்னு சொல்லணும். டிக்கெட் வாங்குறவங்களுக்கு அது எங்க போச்சுன்னு சொல்லவே கூடாது. கையோட வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவணும் அவங்க. அந்த நடிகைய ஒருத்தரும் கூட்டிக்கிட்டுப் போகல."

"பின்ன?"

"உன்னத்தான் கூட்டிக்கிட்டுப் போறாங்க."

அவன் கண்ணில் இருந்த பளபளப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பையன் பட்டினியாகக் கிடந்து வந்திருக்கிறான். இன்னொரு சப்பாத்தி போட்டாள்.

படத்தை வெட்டி, கம்ப்யூட்டரில் மாற்றி ஒட்டினார்கள். தவழும் நடிகை மொத்தமாகப் போனாள். கூடத்தில் மட்டும் இருந்த போட்டோ அடுத்த காட்சியில் சமையலறைச் சுவரில் இருந்தது, பிறகு தொட்டில் கட்டிய அறையில் இருந்தது. யார் மாற்றி மாட்டினார்கள் என்று படத்தில் யாருமே கேட்கவில்லை. புதிய பிரதி வந்த வாரம் ஜனங்கள் மொய்த்தார்கள். லாஜிக் கேட்ட யூட்யூப் பையன் மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போட்டான். இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்த பத்திரிகை 'அசைவின்மையின் பயங்கரம்' என்று அரைப்பக்கம் எழுதியது. இதையெல்லாம் படிக்காத ஜனங்கள், படம் விட்டு வெளியே வந்து முதல் வேலையாக எலுமிச்சம்பழம் வாங்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்தது. ஆஸ்பத்திரி ஆயா இருளாயி போனை நீட்டிச் சிரித்தாள். "பாத்தியா குழலிம்மா, ஒன்னயச் சாவடிச்சுட்டானுங்க." படத்தில் வருவது பிரசவ வார்டிலேயே நிஜமாக இறந்துபோன ஒரு நர்ஸின் போட்டோ என்றும், அவள் இன்னும் வார்டை விட்டுப் போகவில்லை என்றும் எழுதியிருந்தது. குழலியும் சிரித்தாள். மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸில் எதிர் இருக்கைக் குழந்தை அவளைப் பார்த்துவிட்டு அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்தது. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மாம்பழச் சாலை நிறுத்தத்திலேயே, இறங்க வேண்டிய இடம் அதுவல்ல என்பது நடையிலேயே தெரிய, குழந்தையை இழுத்துக்கொண்டு இறங்கினாள். குழலி அன்றைக்குச் சிரிக்கவில்லை.

மாதவன் ஒரு பெரிய இனிப்புப் பெட்டியோடு வந்தான். செய்தியைக் கிளப்பிவிட்டது தயாரிப்பாளர் ஆபீஸ்தான் என்பதை அவன் மறைக்கவுமில்லை.

"அன்னைக்கு விட்டுப்போச்சுல்ல, அத இப்ப எடுத்துரு. நான் சிரிக்கிற மாதிரி. படம் முடியிற எடத்துல போடு" என்றாள் குழலி.

"நீ சிரிச்சா பயம் போயிரும்க்கா. பயம் போச்சுன்னா படம் போச்சு."

"நான் உசுரோட இருக்கேன்டா."

"எனக்குத் தெரியாதா? ஓடி முடியட்டும்க்கா. அதுவரைக்கும்தான்."

அதுவரைக்கும் அவள் செத்தவளாகவே இருக்க வேண்டும். அவளுக்குப் புரிந்தது. சின்ன வயதில் மாரியம்மன் திருவிழாவில் தொலைந்துபோய், இவள் கையைப் பிடித்ததும் அழுகையை நிறுத்தியவன் அவன். அவனிடம் இதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது என்று தெரியாமல் இனிப்புப் பெட்டியைப் பிரிக்காமலேயே வைத்திருந்தாள்.

அவன் எடுக்காவிட்டால் என்ன, இவளுக்குக் கை இல்லையா? இருளாயியிடம் போனைக் கொடுத்து, யூனிஃபார்மோடு நின்று, "நான்தாங்க அந்த போட்டோல இருக்கிறது, நல்லா இருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அதைப் போட்டும் விட்டாள். ஒரு ராத்திரிக்குள் ஊரெல்லாம் பார்த்தது. 'சிரிக்கும்போது இன்னும் பயமா இருக்கு' என்று முதலில் ஒருத்தி எழுதினாள். அதையே வேறு வேறு விதமாக ஆயிரம் பேர் எழுதினார்கள். யாரோ அவள் குரலை மட்டும் எடுத்துவிட்டு, சிரிப்பை மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். அதைக் குழலியாலேயே முழுதாகப் பார்க்க முடியவில்லை.

பிறகு அந்தப் பயம் ஆஸ்பத்திரிக்குள்ளும் வந்தது. ஒரு மாமியார் இருளாயியைத் தனியே கூப்பிட்டு, அந்தம்மாவின் கால் தரையில் படுகிறதா என்று விசாரித்தாள். வலி எடுத்த பெண்ணை ஆட்டோவில் ஏற்றி வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஒரு குடும்பம். ஒரு குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டது. வாராவாரம் யாருக்காவது காண்பதுதான், நீல விளக்கடியில் வைத்தால் சரியாகிவிடும். இந்த முறை குழந்தையின் அப்பா வந்து, முதலில் தூக்கியது யார் என்று கேட்டார். குழலிம்மாதான் தூக்கணும் என்று சொல்லிவைத்துவிட்டுப் போனவரும் அவரேதான்.

டாக்டர் ஆனந்தவள்ளி கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"நான் அந்தப் படத்தப் பாக்கல. எனக்கு இதுல நம்பிக்கையும் இல்ல. ஆனா வலியில கெடக்குற பொண்ணுகிட்ட லாஜிக் பேச முடியாது குழலி. பயந்தான்னா பிரஷர் ஏறும்."

"நான் என்ன மேடம் பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல. லேபர் ரூம்ல எல்லாரும் மாஸ்க் போட்டுக்கங்கன்னு ஆர்டர் போடுறேன். நீ மட்டும்னு இருக்க வேணாம். ஆனா நீ அத எறக்கவே கூடாது. ஒரு பேஷண்ட் பாத்துட்டுக் கத்தினான்னு வச்சுக்க, அப்புறம் உன்ன மருந்து ஸ்டோர்லதான் ஒக்கார வைக்கணும். எனக்கு வேற வழி இல்ல."

குழலி தலையாட்டிவிட்டு வந்தாள். கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஊரெல்லாம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன முகத்தை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

மலர்க்கொடி லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு நண்பகலில் வந்தாள். தலைப்பிரசவம். டாக்டர் மாடியில் ஒரு ஆபரேஷனில் இருந்தார். உதவிக்கு இருளாயி மட்டும் கட்டிலோரம் நின்றாள். முகக்கவசத்துக்கு மேலே கண்ணும் கீழே குரலுமாகக் குழலி வேலை பார்த்தாள். குரல் இன்னும் அவளுடையதாகத்தான் இருந்தது. "மூச்ச இழுத்து விடு கண்ணு. அவ்ளோதான். வந்துருச்சு, தலை தெரியுது." மலர்க்கொடி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க கொரலக் கேட்டாத்தான் தெம்பா இருக்குக்கா, போயிராதீங்க" என்றாள். எவ்வளவோ நாட்களுக்குப் பிறகு குழலிக்கு நெஞ்சு நிறைந்தது. மகளின் கத்தலைப் பொறுக்கமாட்டாமல் மலர்க்கொடியின் அம்மா கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள். அவளைப் போகச் சொல்ல நேரமில்லை.

கடைசி வலி வந்தது. மலர்க்கொடி எதையாவது பிடிக்கக் கையை வீசினாள். தோளில் பட்ட விரல்கள் வழுக்கிக் காதோரம் போய், முகக்கவசத்தின் நாடாவைப் பற்றிக்கொண்டு இழுத்தன.

நாடா அறுந்து கவசம் கீழே விழுந்தது. ஒரு கணம் மலர்க்கொடி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கத்தினாள். அது வலியில் கத்துகிற கத்தல் இல்லை. அந்தக் கத்தலோடு குழந்தை குழலியின் கைகளுக்குள் வந்து விழுந்தது. ஆண் குழந்தை. நீலம் பாரித்து, துவண்டு இருந்தது. அழவில்லை.

அழாமல் பிறக்கிற குழந்தைகளை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். தொப்புள்கொடியைக் கத்தரித்தாள், துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், பாதத்தைச் சுண்டினாள். வாயிலும் மூக்கிலும் இருந்ததை உறிஞ்சி எடுத்தாள். கைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "இருளாயி, மேல போயி டாக்டரக் கூப்புடு" என்றாள். காலடிச் சத்தம் கேட்கவில்லை. இந்தக் குழந்தை அழாவிட்டால் படம் இன்னும் ஒரு மாதம் ஓடும் என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்தது. அதை உதறிவிட்டு, மூச்சுக் கொடுக்கும் காற்றுப்பையை எடுத்தாள்.

சின்ன முகத்தின்மேல் காற்றுப்பையின் மூடியைப் பொருத்தி, இரண்டு விரலால் அழுத்தினாள். உள்ளங்கை அளவு நெஞ்சு எழுந்தது. விட்டதும் தணிந்தது.

"இருளாயி, கூப்புடுன்னு சொல்றேன்ல."

நிமிர்ந்து பார்த்தாள். கதவோரம் நின்ற அம்மா குழந்தையைப் பார்க்கவில்லை, குழலியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருளாயியும் போயிருக்கவில்லை. கட்டிலுக்கும் குழலிக்கும் நடுவில் வந்து, உள்ளங்கையை விரித்து மலர்க்கொடியின் கண்களைப் பொத்தியபடி நின்றாள். அவளுடைய உதடுகள் மாரியம்மன் பேரை முணுமுணுத்துக்கொண்டிருந்தன. குழலி குனிந்து மறுபடி அழுத்தினாள். நெஞ்சு எழுந்தது.