பூவேலை உள்பக்கம்

பேரணாம்பட்டில் இடித்த வீட்டுச் சாமான்கள் மாட்டுவண்டியில் ஆம்பூர் வந்து இறங்கியபோது நிசார் அஹமது தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த நடையில ஆளு நடக்கறதே பேஜாரு. இதுல தூணை எங்க நிறுத்தப்போறே?" என்று மனைவி ரஃபத் ஜஹானைக் கேட்டார்.

அது அவள் பிறந்த வீட்டுத் தூண். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவர்கள் வீட்டு நடை தெருக்கதவிலிருந்து நேராகப் போய், பாதியில் முழங்கை மாதிரி மடங்கி, அப்புறம்தான் முற்றத்தை எட்டும். தெருவில் நிற்கிற ஆண்களின் பார்வை உள்ளே போகக் கூடாதென்று யாரோ முன்யோசனையோடு கட்டியது. மடங்குகிற இடத்தில் சுவர் புடைத்துக்கொண்டு நின்றது. வருகிறவர்கள் அதில் தோளை இடித்துக்கொண்டு "யா அல்லா" என்றபடிதான் பெஞ்சில் உட்காருவார்கள். உள்ளே போகிற வழியை ஒரு சாயம்போன திரை மறைத்தது.

திரையை எடுத்துவிட்டு, அங்கே அம்மா வீட்டு ஜில்மில் பலகையை நிறுத்த வேண்டும். அதுதான் ரஃபத் ஜஹானின் ஆசை. தூணும் கலர்க் கண்ணாடியும் சும்மா துணைக்கு.

சாய்வான மரப்பட்டிகளை அடுக்கிச் செய்த ஆளுயரப் பலகை அது. பேரணாம்பட்டு வீட்டில் ஆண்கள் உட்காரும் கூடத்துக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவே நின்றது. பெண்கள் பக்கம் நின்று கண்ணை வைத்தால் கூடத்தில் நடப்பதெல்லாம் தெரியும். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு வெறும் மரம்தான். அவளும் தங்கை குர்ஷிதும் உலகத்தைப் பார்த்ததே அதன் வழியாகத்தான். மதராஸிலிருந்து வந்த தோல் வியாபாரிகள், அவர்களுடைய அத்தர் வாசனை, அத்தாவின் உரத்த சிரிப்பு, எல்லாம் அந்த இடுக்குகளில் வந்தவை. குர்ஷித் தன் மாப்பிள்ளையை முதலில் பார்த்ததும் அங்கேதான். "மூக்கு ஜாஸ்தி" என்றாள். ஆனாலும் கட்டிக்கொண்டாள்.

அந்தப் பலகைக்கு இன்னொருவரும் ஆசைப்பட்டார். வீட்டை இடித்த தம்பி லியாகத் அலி. அவருடைய தோல் உலர்த்தும் கொட்டகைக்கு வெயிலைத் தடுத்துக் காற்றை விடுகிற ஜன்னல் வேண்டும்.

"உன் நடையில பொருந்தினா உனக்கு, ஆபா. பொருந்தலைன்னா எனக்கு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வண்டியோட வர்றேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். அம்மாவின் மூச்சுப்பட்ட மரம் காலமெல்லாம் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை நாற்றத்தில் நிற்பதை ரஃபத் ஜஹானால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வேலாயுதம் ஆசாரி பலகையை நிறுத்தும்போது திரைக்கு வெளியே இருந்து கேட்டார்: "அம்மா, எந்தப் பக்கம் உள்ள வரணும்?"

பலகையின் கூடத்துப் பக்கம் முழுவதும் கொடியும் பூவுமாகச் செதுக்கியிருந்தது. பெண்கள் பக்கம் மொட்டைப் பலகை. காலம் பூராவும் மொட்டையைப் பார்த்தது போதாதா?

"பூவேலை எங்க பக்கம் இருக்கட்டும் ஆசாரி!"

"சரிதாம்மா. அதான் தோதும்கூட. பூப்பக்கம் விளிம்பு நீட்டிக்கினு இருக்குது. வெளிப்பக்கம் வெச்சா இந்தப் புடைச்ச சுவத்துல இடிக்கும்."

நிறுத்தி முடித்தபோது, தொழுகைக்குக் குளித்துவிட்டு நடைக்கு வந்த நிசார் அஹமது போட்ட சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் பறந்தன.

"இன்னா வேலை இது! இங்க நின்னா அடுப்புல கொதிக்கிற குழம்புகூட தெரியுது! தெருவையே வீட்டுக்குள்ள கூட்டியாந்துட்டியே!"

ரஃபத் ஜஹான் உள்பக்கமாக ஓடிவந்து பூக்களுக்கு நடுவே கண்ணை வைத்தாள். மரம். மேலும் மரம். பூவைத் திருப்பியபோது பட்டிகளின் சாய்வும் கூடவே திரும்பிவிட்டதை அப்போதுதான் உணர்ந்தாள்.

"திருப்பிப் போடுங்க ஆசாரி" என்றாள்.

"புடைப்பைச் செதுக்கினாத்தான் ஆகும்மா."

"என் சுவத்துல உளி படக் கூடாது" என்று நிசார் அஹமது முடித்துவிட்டார். "தம்பி எடுத்துக்கினு போகட்டும்."

மத்தியானம் லியாகத் அலி வந்தார். வழக்கம்போலத் தோளை இடித்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தபடி, எவ்வளவு தெரிகிறதென்று பார்க்கக் கண்ணை வைத்தார். சிரிப்பு நின்றது. முற்றம், அரிசி புடைக்கும் முறம், தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அக்கா. எல்லாம் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் தெரிந்தது.

"ஆபா," என்றார் மெதுவாக. "இவ்ளோ தெரியுமா இதுல?"

"தெரியும்."

"அப்ப... சுண்ணாம்புத் தொட்டியில தோலை மறந்துபோய் விட்டேனே, அத்தா கூடத்துல அத்தனை பேர் முன்னாடி அறைஞ்சாரே. அன்னிக்கி?"

"பாத்தோம்."

"நான் தூணைக் கட்டிக்கினு அழுததும்?"

"நாங்களும்தான் அழுதோம். அம்மா முந்தானையைக் கடிச்சிக்கினு நின்னாங்க. நீ ராத்திரி சாப்பிட வந்தப்போ ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தோம்."

அன்றைக்குத் தன் பக்கம் ஒருவரும் இல்லையென்றுதான் இத்தனை வருஷமும் லியாகத் அலி நினைத்திருந்தார். அந்தக் கூடத்தின் மேல் முதல் கடப்பாரை விழுந்தபோதுகூட அவருக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திதான்.

கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டார். "ஆசாரி, அந்த உளியை இப்படிக் குடு."

"மச்சான்! என் சுவரு!" என்று பதறினார் நிசார் அஹமது.

"உங்க சுவருதான் மச்சான். ஊர்ல பாதிப் பேரு தோளு உங்களுக்கு துவா செய்யும், நவுருங்க."

அவர் அடித்த அடியில் காரைதான் உதிர்ந்தது. மீதியை வேலாயுதம் வாங்கிச் செதுக்கினார். வெயில் சாய்வதற்குள் பூவேலை தெருப்பக்கம் திரும்பிவிட்டது. மேலே பொருத்திய கலர்க் கண்ணாடி வழியாகச் சிவப்பும் பச்சையும் இருட்டு நடையில் விழுந்தன.

டீ வரும்வரை லியாகத் அலி பெஞ்சில் உட்கார்ந்தார். காலை மடக்கினார். தாடியைத் தடவினார். குல்லாயைச் சரிசெய்தார். பலகையைப் பார்த்தார். மரம்தான் தெரிந்தது.

"ஆபா, அங்க இருக்கியா?"

முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"இருந்தா சொல்லு. எப்படி உக்கார்றதுன்னே தெரியலை."

பலகைக்குப் பின்னால் ரஃபத் ஜஹான் இடுக்கில் கண்ணை வைத்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.