எந்த மருந்துப் படிப்பு?

எங்கள் ஊர்ப்பக்கம் மருந்துக்கடை என்றால் பூச்சிமருந்துக் கடை. காய்ச்சல் தலைவலிக்கு மாத்திரை விற்கிற கடைக்குப் பெயர் மெடிக்கல். ராயப்பன்பட்டியில் அரைக்கால் டவுசர் போட்ட பிள்ளைக்குக்கூட இது தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலுக்குப் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கிய சொர்ணலதாவுக்கு, அதாவது எனக்கு, வேண்டிய நேரத்தில் அது உறைக்கவில்லை. பெரிய அறிவுக்கொழுந்து!

2003-ஆம் வருஷம். மதுரையில் ஒரு பார்மசி கல்லூரி தானே நுழைவுத் தேர்வு வைத்து ஆள் எடுத்தது. எழுதினால் அதைத்தான் எழுதுவேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஆனால் அப்பாவிடம் கேட்க வேண்டுமே! வெளியூர்ப் படிப்பு என்று வாயெடுத்தாலே, "இங்கன இல்லாத படிப்பு அங்கன என்ன இருக்கு?" என்று எகிறுவார். திராட்சைக்கு மருந்தடித்துவிட்டு வந்து, இருமிக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் ஒருநாள் போட்டு உடைத்தேன்.

"அப்பா, நான் மதுரையில மருந்துப் படிப்பு படிக்கப் போறேன்."

சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார். "மருந்துப் படிப்பா? தாராளமாப் படி ஆத்தா!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. மோர் ஊற்ற வந்த அம்மா சொம்போடு அப்படியே நின்றுவிட்டாள். அப்பா கருத்தக்கண்ணன் கேட்ட உடனே சரி என்று சொல்லி எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அதோடு விட்டாரா? அடுத்த வாரம் தேனிக்கு ஒரு சோலியாகப் போனவர், புத்தகமும் தானே வாங்கி வருவதாகச் சொன்னார். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. "பழைய கேள்வித்தாள் எல்லாம் இருக்கணும்ப்பா, விடையும் போட்டிருக்கணும்" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

செங்கல் கனத்தில் ஒன்று வந்தது. அட்டையில் முதுகில் ஸ்பிரேயர் மாட்டிய ஓர் ஆள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். உள்ளே பிரித்தால் சாம்பல் நோய், மாவுப்பூச்சி, ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி.

"என்னப்பா இது?"

"மருந்துப் படிப்புப் புத்தகம். இருக்கதுலயே பெருசு இதுதான்னு சொன்னாக. நீ படிச்சு மட்டும் வா, உத்தமபாளையத்துல கடை போட்டுத் தாரேன். அப்புறம் எந்தப் பய நம்ம தலையில கலப்பட மருந்தக் கட்டுறான்னு பாப்போம்! ஊரெல்லாம் சொல்லிட்டேன்ல?"

அடக் கடவுளே! மனுசர் சரி என்று சொன்னது எனக்கில்லை, திராட்சைக்கு.

அவர் வெளியே போனதும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாயத் தொறந்தியோ, காரியம் கெட்டுச்சு. சீட்டு கெடைக்கட்டும், பெறகு பாத்துக்கலாம்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் மாவுப்பூச்சியைப் படித்துவிட்டு எந்தப் பரீட்சையை எழுத? "இது பழைய பதிப்புப்பா, மாத்தணும்" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். நான் மட்டும் போய் மாற்றிவிடலாம் என்று கணக்கு. அவரோ, "பழசையா தள்ளிவிட்டான்? இரு, நானும் வாரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ்ஸில் தேனி வரைக்கும் புத்தகக்கடைக்காரருக்கு அர்ச்சனை. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வேண்டாத சாமியில்லை.

கடைக்காரர் ஏசுதாசன் சண்டைக்கு வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். "இந்த வருசத்துப் பதிப்புதாங்கய்யா இது. பாப்பா எந்தப் படிப்புக்குப் போகுது? பயிருக்கு மருந்தா, மனுசருக்கு மருந்தா?"

போச்சு. அப்பா என் முகத்தைப் பார்த்தார். பயிருக்கு என்று ஒரு சொல் சொன்னால் அவர் சம்மதம் நிற்கும். நாக்கு வரைக்கும் வந்தது. அவர் அப்படி நம்பிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் என்னைக் கெடுத்தது.

"மனுசருக்குப்பா." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் அதத்தான் கேட்டேன். நீங்க வேற நெனச்சுட்டீக. சொன்னா விடமாட்டீகன்னு பயந்து சொல்லல."

அப்பா புத்தகத்தைக் கையில் வாங்கினார். அட்டையில் இருந்த ஸ்பிரேயர் ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தப் போகிறார் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"மருந்தடிச்ச அன்னிக்கு ராவெல்லாம் எனக்கு நெஞ்ச இழுக்குது," என்றார் மெதுவாக. "அதுக்கு இந்தப் படிப்புல மருந்து இருக்கா?"

இந்த இருமல் எதனால் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். தூசி என்பார், பனி என்பார். நெஞ்சை இழுக்கிறது என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"இருக்குப்பா," என்றேன்.

"அப்ப அத எடு."

ஏசுதாசன் இரண்டை எடுத்துப் போட்டார். தடிமனானதைத் தள்ளிவிட்டு, பழைய கேள்வித்தாள் உள்ள ஒல்லிப் புத்தகத்தை நான் எடுத்தேன். "இம்புட்டுத்தானா?" என்று அப்பாவுக்கு முகம் சுருங்கியது. ஸ்பிரேயர்க்காரனைத் திரும்ப வாங்கக் கை நீட்டிய ஏசுதாசனிடம், "அது எங்கிட்டயே இருக்கட்டும்," என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது திடீரென்று நின்றார். "ஊர்ல கேட்டா என்னான்னு சொல்ல?"

"மெடிக்கல்னு சொல்லுங்கப்பா."

"மெடிக்கல்," என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார். இருமல் வந்தது. நின்று, இருமி முடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"வெரசாப் படி ஆத்தா," என்றார்.