சீல் உடையாத சைக்கிள்

சுவரில் தொங்கிய சைக்கிள் எட்டு வருடத்தில் பதிமூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது கிலோமீட்டர் ஓடியிருந்தது. மாடிப்படிக்குக் கீழே இரண்டு கொக்கிகளில் அது தொங்கியது, இறக்கியவர் யாருமில்லை. அதன் சொந்தக்காரி வீடு வீடாகப் போய்க் குடிநீர் மீட்டர் பார்ப்பவள். ரவுண்டானாவில் லாரி உரசி விழுந்த அன்று, முழங்கையில் கட்டோடு, தூரம் காட்டும் முன்சக்கர மீட்டரில் இருந்த 2,114 என்ற எண்ணை நோட்டில் குறித்துவிட்டு, சைக்கிளை மாட்டச் சொன்னாள். எந்த மீட்டரைப் பார்த்தாலும் குறித்துவைப்பது தொழில் பழக்கம். அதன்பின் தினம் ஆறு கிலோமீட்டர் நடந்தே வேலை பார்த்தாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை செருப்பு தேய்ந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில், மீட்டர் பார்க்கும் இரண்டு பகுதிகளை ஒன்றாக்கினார்கள். "இனிமே நடந்து முடிக்க முடியாதும்மா. திங்கக்கிழமையிலருந்து சைக்கிள்ல வாங்க, இல்லன்னா புகார் மேஜையில உக்காருங்க" என்றார் மேலதிகாரி. புகார் மேஜை என்றால் நாள் முழுக்க ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து திட்டு வாங்குவது. ஒரு மீட்டரைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாது. வீட்டுக்கு வந்து சைக்கிளை இறக்கினாள். டயர் வழவழவென்று தேய்ந்திருந்தது. மீட்டர் 16,034 காட்டியது.

முதலில் கணவனைப் பார்த்தாள். அவன் வீட்டிலேயே தைக்கும் தையல்காரன். பகலெல்லாம் சைக்கிளோடு தனியாக இருப்பவன்.

"நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்? எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதே."

"தெரியாது தெரியாதுன்னு சொல்ற வீட்லதான் மீட்டர் ஓடாம இருக்கக் காந்தம் ஒட்டியிருக்கும். எத்தனை வீடு பாத்திருக்கேன்!"

சைக்கிள் மீட்டரை ஏமாற்றுவது சுலபமில்லை. முன்சக்கரக் கம்பியில் ஒரு சிறிய முள் இருக்கும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது அது மீட்டரின் நட்சத்திரப் பல்லை ஒரு தட்டுத் தட்டும். ஐந்நூறு தட்டுக்கு ஒரு கிலோமீட்டர். சக்கரம் சுற்றாமல் எண் நகர வழியே இல்லை. ஆகவே புதன்கிழமை காலை, சைக்கிளைக் கொக்கியில் மாட்டி, முன்சக்கரத்தையும் அதைப் பிடித்திருக்கும் கவையையும் கம்பியால் கட்டி, ஈயக் குண்டு கோத்து, அலுவலகக் குறட்டால் நசுக்கி முத்திரை வைத்தாள். மாடியில் இருந்த நாத்தனார் எட்டிப் பார்த்து, "அடுத்தது என் வாய்க்கும் ஒரு சீல் வெச்சிடுங்க அண்ணி" என்றாள். அவளையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள். மாலையில் சீல் அப்படியே இருந்தது. எண் ஆறு கூடியிருந்தது. சனிக்கிழமை வரை இதே கதை.

ஞாயிறு விடுமுறை. குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் முள்ளைப் பார்ப்பார்கள், நகர்ந்தால் கசிவு. அதேபோல மூவரும் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தார்கள். மதியம் வரை எண் அசையவில்லை. கணவனுக்கு நூல் தீர்ந்துபோனது. இருநூறு மீட்டர் தள்ளியிருந்த கடைக்குப் போய் வந்தாள். மீட்டரின் ஓரத்தில் நூறு நூறு மீட்டராகக் காட்டும் சிவப்பு எண் நான்கு கூடியிருந்தது.

"நீ தெருவுல இறங்கினதும் நகர ஆரம்பிச்சுது. சக்கரம் அசையல, எண் மட்டும் ஓடுது" என்றான் கணவன்.

"இவர் பேச்சை நம்ப முடியாது. நீ சொல்லு."

"ஆமா அண்ணி. நீங்க வாசப்படி ஏறினதும் நின்னுடுச்சு."

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வருடத்துக்கு இருநூற்றுத் தொண்ணூறு வேலைநாள், நாளுக்கு ஆறு கிலோமீட்டர், எட்டு வருடம். ஒரு மீட்டர்கூடப் பிசகவில்லை. ஆட்களைச் சந்தேகிக்கலாம், கணவனைச் சந்தேகிக்கலாம், தன்னையே எட்டு வருடமாகச் சந்தேகித்தாள். ஆனால் சீல் உடையாத மீட்டரைச் சந்தேகித்ததாக அவள் வாழ்நாளில் இல்லை. அது சொல்கிறது: இவள் பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் விழாமல் ஓட்டியிருக்கிறாள்.

சீலை வெட்டி, மாலைக்குள் டயர்களை மாற்றினாள். திங்கள் காலை சைக்கிளில் ஏறினாள். சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கைப்பிடியைத் திருப்பினால் சக்கரம் ஓடிப்போய் உடம்புக்கு அடியில் நின்று தாங்கிக்கொள்ளும். பயந்தவர்கள் எதிர்ப்பக்கம் திருப்புவார்கள். எட்டு வருடம் முன்பு அவளும் அப்படித்தான் விழுந்தாள். ரவுண்டானாவில் ஒரு லாரி வந்தது. சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தது; அவளும் இடப்பக்கமே திருப்பினாள். லாரி போய்விட்டது. முதல் வீட்டு வாசலில் இறங்கி, குனிந்து மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

நடைச் செருப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது குதிகால் இரண்டும் தேய்ந்திருந்தன. கணவனைப் பார்க்கவில்லை, நாத்தனாரைக் கூப்பிடவில்லை, சீல் வைக்கும் குறட்டைத் தேடவில்லை. புது அடி போடக் கொடுத்து வாங்கி, மறுபடி உள்ளே வைத்தாள். இப்போதும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அடி மாற்றுகிறாள்.