வாசலில் தொங்காத டப்பா

போர்ட் அகஸ்டா நீதிமன்றத்தில் மின்விசிறி சுற்றச் சுற்ற எல்விக்குக் கண் சொருகியது. கூண்டில் நிற்பது தானா, வேறு யாரோவா என்றே தெரியவில்லை. எதிரே இருந்த பன்னிரண்டு ஜூரிகளின் முகங்களும் கானலில் அசைந்தன. அவர்களுக்குப் பின்னால் சுவர் கரைந்து, செம்மண் வெளி போய்க்கொண்டே இருந்தது.

புருஷனைக் கொன்றாள் என்று வழக்கு. சுட்டாளா, விஷம் வைத்தாளா? அதெல்லாம் இல்லை. ஒரு காலி டப்பாவைத் தொங்கவிடவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்து ஆட்டுப்பண்ணைகளில் அப்படியொரு வழக்கம். தூரத்துக் குடிசையில் தண்ணீர்த்தொட்டி வற்றியிருந்தால், பார்த்தவர் குடிசைக்குப் பாதை பிரியும் வெளிக்கதவில் காலி டப்பாவைக் கட்டித் தொங்கவிட வேண்டும். அதைப் பார்த்தவன் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பிவிடுவான். டப்பா இல்லையென்றால் தண்ணீர் இருக்கிறதென்று நம்பி உள்ளே நடப்பான். அன்று தொட்டி வற்றியிருந்ததை வண்டியில் போய்ப் பார்த்தவள் எல்விதான். பிறகு பைக் பழுதாகிக் கதவுவரை நடந்து வந்த அவள் புருஷன் கிளெம் அப்படித்தான் உள்ளே நடந்தான். மறுநாள் வறண்ட தொட்டியடியில் பிணமாகக் கிடந்தான்.

"மறந்துட்டேன்னுதானே என்கிட்ட சொன்னீங்க? அதையே கோர்ட்லயும் சொல்லுங்க," என்றிருந்தார் அவளுடைய வக்கீல் பாஸ்கோ. "செத்துடுவார்னு தெரிஞ்சே செஞ்சீங்களான்னுதான் சட்டம் கேக்குது. மறதியைக் கொலைன்னு சொல்ல முடியாது."

அரசு வக்கீல் எழுந்தார். "டப்பா உங்க வண்டியிலதான் இருந்துச்சு. மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. பாவி மனசு விட்டால்தானே? அனல்காற்றும் அந்தக் கதவும் கண்முன் வந்து நின்றன. அன்று காலை, ரோமம் கத்தரிக்க வந்தவர்கள் முன்னால் கிளெம் சிரித்துக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது: "இவ சமைச்சா நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும்."

"மறக்கல," என்றாள். "டப்பாவைக் கையில எடுத்தேன். ஒரு சாயங்காலம் நாக்கு வறண்டு வரட்டும், அப்பத் தெரியும்னு திரும்ப வண்டியில போட்டுட்டேன். பைக்ல போறவன், தண்ணி இல்லன்னா வீட்டுக்கு வந்துடுவான்னு நெனச்சேன். பைக் நின்னுடும்னு நெனக்கல."

பாஸ்கோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

தவிக்கட்டும் என்று நினைப்பது வேறு, செத்துப்போவான் என்று தெரிந்திருப்பது வேறு என்று நீதிபதி ஜூரிகளுக்கு நிதானமாக விளக்கினார். அவர்கள் நெடுநேரம் உள்ளே பேசிவிட்டு வந்தார்கள். கொலை இல்லை. ஆனாலும் அந்தச் சாவுக்கு அவள்தான் பொறுப்பு. அதற்குச் சிறை உண்டு.

காவலர்கள் அழைத்துப்போகும்போது கிளெமின் தங்கை மெர்ல் குறுக்கே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா வீட்டுக்குப் போயிருக்கலாமே, எல்வி. நானும் அதை நம்பியிருப்பேனே."

எல்வி நின்று அவள் பக்கம் திரும்பினாள். "அவன் அந்தக் கதவுகிட்ட நின்னு பாத்திருப்பான், மெர்ல். எல்வி போன வழி, தொட்டி வத்தியிருந்தா அவ கட்டாயம் டப்பாவைக் கட்டியிருப்பான்னு நெனச்சிருப்பான். என்னை நம்பித்தான் உள்ள நடந்திருக்கான்."