கடைத்துணிக்கு வராத ஈ

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு லெட்டாருவின் பைக் சத்தம் கேட்டால் அடுரு ஓடைக்கரையில் நடப்பவர்கள் பாதையை விட்டு ஒதுங்கி நின்றுகொள்வார்கள். அவள் ஓட்டும் லட்சணம் அப்படி. மேற்கு நைல் பகுதியில் இருக்கும் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் பதினாறு வருஷமாகக் களப்பணியாளர். ஊரில் அவளுக்கு 'ஈக்காரி' என்று பேர். அவளும் அதை ஏதோ பட்டம் வாங்கினவள் மாதிரிச் சுமந்துகொண்டு திரிந்தாள்.

அவள் வேலை செட்சி ஈயை எண்ணுவது. கடிக்கிற சாக்கில் தூக்க நோயை உடம்பில் ஏற்றிவிட்டுப் போகும் ஈ அது. அந்த நோய் முற்றினவன் பகலில் களித் தட்டின் முன்னாலேயே சாய்ந்து உறங்குவான், ராத்திரியெல்லாம் முழித்துப் புலம்புவான். லெட்டாருவின் சித்தப்பா அப்படித்தான் போனார். கடைசி மாதத்தில் பெற்ற மகளைப் பார்த்து, நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். அதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் லெட்டாரு. ஈ எண்ணுகிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாக ஓடியதற்கு அதுதான் காரணம்.

ஓடைக்கரையில் புதருக்கு நடுவே கூடாரம் மாதிரி பொறிகள் தொங்கும். கீழே நீலத்துணியும் கறுப்புத்துணியும், மேலே வலை, உச்சியில் ஒரு புட்டி. நீலத்தைப் பார்த்து வருகிற ஈ மேலே ஏறிப் புட்டியில் மாட்டிக்கொள்ளும். முன்னெல்லாம் ஒரு பொறியில் வாரத்துக்கு நாற்பது, ஐம்பது எண்ணியவள், இப்போது மாவட்டம் முழுக்க இருபத்தாறு வாரமாகப் பூஜ்யம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பூஜ்யத்தையும் கோலம் போடுகிறவள் மாதிரி உருட்டி அழகாகப் போடுவாள்.

வருகிற வெள்ளிக்கிழமை மாவட்டத் திடலில் விழா. இந்த மண்ணில் செட்சி ஈ ஒழிந்தது என்று அறிவிக்கப்போகிறார்கள். கம்பாலாவிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள், நான்கு காளைகள் அறுக்கப்போகிறார்கள், எல்லாம் முடிவாகிவிட்டது. நிலையத்துத் தலைவர் டாக்டர் அட்ரிக்கோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் பக்கத்து ஊர்க்காரர்தான். வெளிநாட்டில் படித்துவிட்டு, அங்கேயே இருக்கச் சொன்னவர்களுக்குக் கும்பிடு போட்டுத் திரும்பி வந்தவர். இத்தனை வருஷமாக இந்த ஓடைகளைப் பற்றி வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எல்லாம் வெளியூர்ப் பெயர்கள்தான் முன்னால் நிற்கும். உள்ளூர்க்காரர்களுக்குக் கடைசியில் ஒரு வரி நன்றி. இந்த முறை பொறி தைத்ததிலிருந்து கணக்குப் போட்டதுவரை எல்லாம் இந்த மண்ணின் கைகள். அதில் லெட்டாருவுக்கு அவரைவிட ஒரு பங்கு கூடுதலாகவே கர்வம் இருந்தது, இருக்காதா பின்னே.

ஆனால் அவள் மனசில் ஒரு சின்ன விஷயம் கிடந்தது. ஏழு மாதத்துக்கு முன் அடுரு ஓடையில் ஆறு பொறிகளின் நீலத்துணி திருட்டுப் போனது. இது புதிதல்ல. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் வந்தால் பொறித்துணிக்குக் கால் முளைத்துவிடும். நல்ல கெட்டித் துணி, சாயம் போகாது, பாவாடை, பை தைக்கத் தோது. துணி காணாமல் போனால் உடனே எழுதிக் கொடுத்துவிட்டு, கம்பாலாவிலிருந்து அதற்கென்று சாயம் போட்ட துணி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை குறிப்பேட்டில் ஆறு பொறிக்கும் காலிக் கட்டம். தன் ஓடையில் காலிக் கட்டமா என்று லெட்டாருவுக்குப் பொறுக்கவில்லை. சந்தைக்குப் போனாள், பழைய துண்டு ஒன்றை வெயிலில் பிடித்து ஒப்பிட்டு ஒப்பிட்டு அதே நீலத்தில் துணி வாங்கினாள், தையல்காரரிடம் கொடுத்துத் தைத்து மாட்டினாள். யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. அதனால் எழுதவும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை ஆறாம் எண் பொறியைப் பார்த்தாள். புட்டி காலி. குறிப்பேட்டை எடுக்கும்போது, பத்தடி தள்ளித் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்த அயிக்கோரு தன் இடுப்பிலும் முதுகிலும் பட்டுப் பட்டென்று அடித்துக்கொள்வதைக் கவனித்தாள். மூன்று பிள்ளை பெற்றவள், மரவள்ளிக் கொல்லைக்காரி. லெட்டாருவைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது. சட்டென்று தண்ணீருக்குள் உட்கார்ந்தாள். கட்டியிருந்த பாவாடையை மறைக்கப் பார்க்கிறாள் என்று லெட்டாருவுக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. பொறிக்கென்று லெட்டாரு தன் கையாலேயே தைத்த ஓரம் அது.

"அக்கா, புடிச்சுக் குடுத்துறாதீங்க. அவுத்துத் தந்துர்றேன். இதுல எனக்கு ஒரு சந்தோசமும் இல்ல. இதக் கட்டிக்கிட்டு ஓடைக்கு வந்தா ஈ வந்து அப்பிக்குது. வேற துணி கட்டினா ஒண்ணும் வர்றதில்ல."

லெட்டாரு திட்டுவதற்குத் திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தண்ணீரில் இறங்கி, அயிக்கோருவின் முதுகுப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒன்றை வலையால் அமுக்கினாள். பழுப்பு உடம்பு. கத்தரிக்கோல் மூடினாற்போல ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த இறக்கை. பதினாறு வருஷம் எண்ணிய கண்ணுக்கு இரண்டாம் தடவை பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பத்தடியில் பொறி. அதில் பூஜ்யம். பொறியின் பழைய துணியில் ஈ. மனுஷக் கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலம், ஈயின் கண்ணுக்கு அப்படி இல்லை. ஏழு மாதமாகத் தன் ஆறு பொறியும் குருடாகத் தொங்கிக்கொண்டிருந்தது, தான் அதன் முன்னால் நின்று அழகழகாகப் பூஜ்யம் வரைந்துகொண்டிருந்தோம் என்பது உறைத்தபோது லெட்டாரு கரையில் உட்கார்ந்துவிட்டாள். அயிக்கோரு பயந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நிலையத்தில் ஆய்வுக்கூட உதவியாளன் எடெமா விழாப் பதாகைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். அவனிடம்தான் முதலில் சொன்னாள். அவன் தூரிகையைக் கீழே வைக்கவே இல்லை. ஒரு ஈதானே அக்கா, நசுக்கிப் போட்டுட்டுப் போவீங்களா என்றான். துணி மாற்றியது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்பதையும் நினைவுபடுத்தினான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வேலை போனால் ஊர் சிரிக்கும். ஈக்காரி ஈயைக் கோட்டை விட்டாள் என்று பாட்டே கட்டுவார்கள். எதுவும் நடக்காதது மாதிரி இருந்துவிட்டால் என்ன என்று அவளுக்கும் தோன்றத்தான் செய்தது, மனுஷிதானே. ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பொறிகளைக் கழற்றிவிடுவார்கள், ரத்தம் சோதிக்கிற வண்டி வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். அயிக்கோரு அதே ஓடையில் துவைத்துக்கொண்டிருப்பாள்.

டாக்டர் அட்ரிக்கோ முழுவதையும் கேட்டார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இருபது வருஷ உழைப்பில் மண்ணைப் போட்டாயே என்றார், உன்னை நம்பினேனே என்றார், இன்னும் என்னென்னவோ சொன்னார். லெட்டாரு தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். கடைசியில் அவர் குரல் இறங்கியது. விழா முடியட்டும், அப்புறம் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்றார்.

"அப்புறம் யாரு எண்ணுவா டாக்டர்? பொறியே இருக்காதே," என்றாள் லெட்டாரு. "என்னைய அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா ஒழிஞ்சு போச்சுன்னு மட்டும் மேடையில சொல்லாதீங்க."

அவர் ஜன்னல் பக்கம் போனார். திரும்பியபோது கோபம் இருந்த இடத்தில் வேறொன்று இருந்தது. அந்தப் பாவாடை எங்கே என்று கேட்டார்.

அயிக்கோருவுக்கு வேறு பாவாடை வாங்கிக் கொடுத்து, பழையதை வாங்கிப் பிரித்து ஒரு பொறியில் தைத்தார்கள். பக்கத்தில் சந்தையில் வாங்கிய கடைத்துணிப் பொறி. ஒரே இடத்தில் வைத்தால் நிழலால் வந்தது, காற்றால் வந்தது என்று எவனாவது கிளப்புவான் என்று, தினமும் இரண்டையும் இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார் அட்ரிக்கோ. செவ்வாய், புதன், வியாழன். தூரத்தில் பாய் விரித்து உட்கார்ந்து அவரும் லெட்டாருவும் காவல் காத்தார்கள். மூன்று நாளில் கடைத்துணியில் ஒன்றும் விழவில்லை. பாவாடைத் துணியில் பதினொன்று. கடைசிப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அட்ரிக்கோ, தன்னை மறந்து சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துவிட்டார். அத்தனை வருத்தத்திலும் ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவருக்கு. லெட்டாருவுக்கும் இருந்தது.

வெள்ளிக்கிழமை திடல் நிரம்பி வழிந்தது. மேளம், ஆட்டம், வெயில். அட்ரிக்கோ பேச எழுந்தபோது, தான் பேச வேண்டும் என்று லெட்டாரு கேட்டுக்கொண்டாள். மேடையேறினாள். துணி திருட்டுப் போனதிலிருந்து பதினொரு ஈவரை சொன்னாள். துணி எடுத்தவள் பேரை மட்டும் சொல்லவில்லை. மேளக்காரர்கள் குச்சியைக் கீழே போட்டார்கள். முன்வரிசையில் வட்டாரத் தலைவர் எழுந்தார். காளைக்குப் பொறுப்பு எடுத்துக்கொண்டவர், எரிச்சல் இருக்கும்தானே.

"அப்ப ஏழு மாசமா நீ எழுதினதெல்லாம் பொய்யா?"

"அப்ப எனக்குத் தெரியாதுங்க ஐயா. தெரியாம எழுதினது தப்பு. துணி மாத்தினத எழுதாம மறைச்சது அதவிடப் பெரிய தப்பு. ரெண்டும் என்னோடது. தெரிஞ்ச பிறகும் இங்க வந்து கை தட்டியிருந்தேன்னா அதுதான் பொய்."

பின்வரிசையிலிருந்து அயிக்கோரு எழுந்து நின்றாள். துணியை எடுத்தது நான்தான் என்றாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு பெண்கள், ஒரு மீன்பிடிக்காரர். ஆறு பொறிக்கும் கணக்குத் தீர்ந்தது. தலைவர் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காளை அறுத்தாகிவிட்டது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லி உட்கார்ந்தார்.

அறிவிப்பு தள்ளிப்போனது. மறுவாரம் சோதனை வண்டி அடுரு ஓடைக்கரைக்கு வந்தது. இருநூறு பேருக்கு மேல் ரத்தம் பார்த்ததில் இரண்டு பேருக்குத் தூக்க நோய். ஒருத்தி அயிக்கோரு. இன்னும் தலைக்கு ஏறவில்லை, மாத்திரையிலேயே சரியாகிவிடும் கட்டம். பத்து நாள் விழுங்கினாள், தேறினாள். மற்ற ஓடைகளில் எல்லாம் லெட்டாருவின் பூஜ்யம் உண்மையான பூஜ்யமாகவே நின்றது. மிச்சம் இருந்தது அந்த ஒரே ஓடைதான். அதில் சரியான துணி தொங்க ஆரம்பித்தது, இந்த முறை ஒருவரும் அதைத் தொடவில்லை. எண்ணிக்கை வாரா வாரம் இறங்கியது.

லெட்டாருவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். வேலை போகவில்லை.

நான்கு மாதம் கழித்து அட்ரிக்கோ அவளை அறைக்குக் கூப்பிட்டு, அச்சுக்குப் போகவிருந்த கட்டுரையை நீட்டினார். ஆசிரியர்கள் வரிசையில் இரண்டாவதாக அவள் பெயர், முழுப் பெயராக. அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பக்கத்தைப் புரட்டினாள், முகம் மாறியது. சந்தைத் துணி வாங்கியது, எழுதாமல் விட்டது, ஏழு மாதப் பூஜ்யம், எல்லாம் ஒன்றுவிடாமல் அதில் இருந்தது.

"எம் பேரையும் போட்டு, என் தப்பையும் போடணுமா டாக்டர்? உலகமே படிக்குமே."

"படிக்கட்டும்னுதான் போட்டேன்," என்றார் அட்ரிக்கோ. "நாளைக்குக் காங்கோவுலயோ தெற்கு சூடான்லயோ உன்ன மாதிரியே அக்கறை உள்ள ஒருத்தி, பொறித்துணி காணோம்னு சந்தையில போய் நீலத்துணி வாங்குவா. இதப் படிச்சவளா இருந்தா வாங்க மாட்டா. அந்த ஊருல ஒரு உசுரு பிழைக்கும். தப்ப மறைச்சா அது நம்மளோட போகாது லெட்டாரு, அடுத்தவன் உசுர எடுத்துட்டுத்தான் போகும். வெளிய சொன்னா அது பாடமாயிரும். தன் தப்பத் தானே ஊரறியச் சொல்ற துணிச்சல் இருக்கு பாரு, அதுக்குப் பேருதான் ஆராய்ச்சி. அது நம்ம ஊருலயும் இருக்குன்னு உலகம் தெரிஞ்சுக்கட்டும்."

லெட்டாரு பேனாவைக் கேட்டு வாங்கினாள். கடைத்துணி வாங்கிய நாள் கட்டுரையில் ஒரு வாரம் தள்ளிப் பதிவாகியிருந்தது. தலைநிமிர்ந்து உட்கார்ந்து அதைத் திருத்தினாள்.