மகேந்திரன் போட்ட பூஜ்யங்கள்

மகேந்திரன் மண்டி மொஹல்லா என்ற சந்தைப் பகுதியில் வளர்ந்தவன். பேரம் பேசாமல் ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட வாங்கமாட்டான். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் அவன் வேலை பார்த்த கம்பெனியில், பட்டுப்புழு வளர்க்கும் அறைக்கு விசிறியைப் போட்டு நிறுத்தும் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். எந்த வேலை எப்போது வரும் என்று காத்திருந்து ஒவ்வொன்றையும் கூப்பிடுவதற்கு அதற்குள் ஈவென்ட் லூப் லைப்ரரி என்று ஓர் ஆயத்த நிரல். வேண்டாத வசதிகளுக்கு மேக்ரோ என்கிற குறிப்பு வரிகளில் பூஜ்யம் போட்டால், நிரலை மெஷின் மொழிக்கு மாற்றிக் கம்பைல் செய்யும்போதே அவை கழன்றுவிடும். நம் ஆளுக்கு இது போதாதா? பூஜ்யமாகப் போட்டுத் தள்ளினான். பெட்டியின் மெமரியில் மிச்சம் பிடித்த இடத்தைப் பற்றி கேன்டீன்காரர் வரைக்கும் சொல்லியாயிற்று.

புதன்கிழமை பெட்டிக்குக் கிறுக்குப் பிடித்தது. பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடும். பிறகு விசிறி அதன் இஷ்டத்துக்குச் சுற்றும். மகேந்திரன் ஆற அமர யோசிக்கவில்லை. லைப்ரரியைக் கம்பைல் செய்து கொடுத்த பூங்குழலியின் வேலையில்தான் கோளாறு என்று மேனேஜர் இராமச்சந்திரனுக்கு மெயில் தட்டிவிட்டு, டீமில் எல்லோருக்கும் நகலும் அனுப்பினான். பூங்குழலி கொள்ளேகால் பெண், ஒப்பந்த ஊழியர். அந்த ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முடிவு செய்ய இருந்தார்கள். அது அவனுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, வேறெதையோ தேடப்போய் விஷயம் அகப்பட்டது. பூஜ்யங்களை எல்லாம் அவன் தன் ஃபைலின் தலையில் மட்டும் எழுதியிருந்தான். பூங்குழலியிடம் மூச்சுவிடவில்லை. அவள் லைப்ரரியை முழு வசதியோடு கம்பைல் செய்திருந்தாள். அவன் ஃபைல் சின்ன இடம் ஒதுக்க, லைப்ரரி பெரிய இடம் என்று நம்பிப் பக்கத்தில் இருந்த விசிறிக் கணக்கின் மேலும் எழுதிவைத்தது. பந்திக்கு ஆள் குறைந்ததைச் சமையல்காரரிடம் சொல்லாமல் விட்ட கதைதான்.

மேக்ரோக்களைப் பொதுவான ஒரே ஃபைலுக்கு மாற்றி, இரண்டு பக்கமும் அதையே படிக்கும்படி செய்தான். பெட்டி அரைமணி நேரம் சமர்த்தாக ஓடியது. சத்தமில்லாமல் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் எழுந்து, பூங்குழலியும் உட்கார்ந்திருந்த கூட்ட அறைக்குப் போனான்.

"சார், அந்த மெயில் தப்பு. மேக்ரோவை மாத்தினதை இவங்ககிட்ட நான் சொல்லவே இல்லை. கோளாறு என்னோடது."

இராமச்சந்திரன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இதையும் எல்லோருக்கும் நகல் போட்டு அனுப்பச் சொன்னார். பூங்குழலிக்கு இன்னும் ஒரு வருஷம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

வெளியே வந்ததும் பூங்குழலி தன் போனை அவனிடம் நீட்டினாள்.

"ஏனுங்ணா, உங்க மெயில பாத்துட்டு, வேலை போயிரும்னு அம்மாகிட்டச் சொல்லிட்டனுங்க. ரெண்டு நாளா அவங்க சரியாச் சாப்பிடல. போகலைன்னு நீங்களே சொல்லிருங்க."

மகேந்திரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மேக்ரோ, லைப்ரரி, ஒரே ஃபைல் என்று கொள்ளேகாலில் இருந்த அம்மாவுக்கு ஐந்து நிமிஷம் விளக்கினான். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங் சாமி. எம்புள்ள தப்புப் பண்ணுலதானுங்களே?"

"இல்லீங்கம்மா," என்றான் மகேந்திரன். "நான்தான் பண்ணினேன்."