மேட்டுக்குப் போகும் கல்லறைகள்

ஓல்ஷவ்கா பள்ளத்தாக்கில் கிடக்கும் சின்ன ஊர். நடுவே ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் செக் ஜனங்களான நாங்கள், அந்தப் பக்கம் ஜெர்மன்காரர்கள். இரு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது ஒரு தேவாலயமும் அதன் பின்னால் ஒரு கல்லறைத் தோட்டமும்தான். உயிரோடு இருந்தபோது ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள், செத்தபின் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்தப் பக்கத்தாரை ஆளுக்கு ஒரு மூட்டையோடு எல்லைக்கு வெளியே துரத்திவிட்டோம். செத்தவர்களைத் துரத்த முடியவில்லை.

அதற்கு இருபது வருடம் கழித்து நகரத்துக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று அணை கட்ட வந்தார்கள். ஊர் மொத்தமும் தண்ணீருக்குள் போகப்போகிறது. உறவுக்காரர்கள் கேட்டால் பிணத்தைத் தோண்டி, மேட்டிலிருக்கும் புதுக் கல்லறைத் தோட்டத்தில் வைப்பார்கள். கேட்க ஆளில்லாத கல்லறைமேல் சிமெண்டைக் கொட்டி மூடுவார்கள். ஜெர்மன்காரர்களுக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்? விட்டது சனியன் என்றுதான் நானும் சொன்னேன்.

என் அண்ணி வ்லஸ்தாவுக்கு வீடு போவதெல்லாம் கவலையே இல்லை. அவளுக்கு அவள் பிள்ளை மேட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். போரின் கடைசிக் குளிர்காலத்தில் செத்தே பிறந்த பிள்ளை. அதற்குப் பிறகு அவளுக்கு வேறு பிள்ளை இல்லை. ஞானஸ்நானம் ஆகாததால் பெயரும் கிடையாது, கல்லும் கிடையாது. அவள் ஜன்னி கண்டு கிடந்தபோது அண்ணன் ஒத்தகர்தான் தூக்கிக்கொண்டு போனான். சுவரோரப் புதரடியில் புதைத்ததாகத் திரும்பி வந்து சொன்னான்.

வருடா வருடம் நவம்பரில், இறந்தவர்கள் நாளன்று, அண்ணி அந்தப் புதரடியில் மெழுகுவத்தி ஏற்றுவாள். முதல் நாள் பெண்கள் எல்லோரும் கல்லறைகளைச் சுத்தம் செய்வோம். சருகையும் காய்ந்த மலர்வளையங்களையும் வாரிக் கொட்டுவது ஜெர்மன் கல்லறைகளின் மேல். அதில் அண்ணியின் கை எப்போதும் ஒருபடி வேகமாக இருக்கும். அவள் தம்பியை மாவு மில் சுவரில் நிற்க வைத்துச் சுட்டவர்கள் அவர்கள். புதருக்குப் பக்கத்திலிருந்த ஹெர்மீனா பிஹ்லர் என்ற கிழவியின் கல்லறை எங்கள் குப்பையில் பாதி புதைந்துபோயிருந்தது.

எங்கள் முறை வந்த அன்று அண்ணி ஒரு சின்ன மரப்பெட்டியோடு நின்றாள். ஆட்கள் புதரடியைத் தோண்டினார்கள். கல்லும் வேரும்தான் வந்தன. இன்னும் அகலமாகத் தோண்டச் சொன்னாள்.

"போதும், நிறுத்துங்க," என்றான் ஒத்தகர். அவன் முகம் வெளுத்திருந்தது. "அங்க இல்ல."

"இல்லன்னா?"

"அன்னிக்கு மண்ணு பாறையா உறைஞ்சு கெடந்துச்சு, வ்லஸ்தா. குழி வெட்டுறவன் முடியாதுன்னுட்டான். ஹெர்மீனாவுக்கு மட்டும்தான் நெருப்பு மூட்டி, மண்ண இளக்கிக் குழி வெட்டியிருந்தாங்க. நான் கையில புள்ளையோட நின்னேன். அந்தம்மா மக என்னையப் பாத்தா. 'எங்கம்மாகிட்ட குடுங்க'ன்னு அவளே சவப்பெட்டியத் தொறந்தா."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"உன் தம்பி செத்து ஒரு மாசம்கூட ஆகல. எப்படிச் சொல்றது? அப்புறம் நீ அங்க குப்பையக் கொட்டக் கொட்ட... எனக்கு வாயே வரல."

கூடப்பிறந்தவன் என்றும் பார்க்காமல் ஓங்கி அறைந்திருப்பேன். நானும் சேர்ந்து கொட்டிய குப்பை அது என்பதால் கை எழவில்லை.

அண்ணி கத்தவில்லை. நேராகப் போய் அந்தக் குப்பையை இரண்டு கையாலும் அள்ளி எறிய ஆரம்பித்தாள். அணைக்காரர்களின் அதிகாரி, சின்னப் பையன், ஓடி வந்தான்.

"அம்மா, அதத் தொடாதீங்க. உறவுக்காரங்க கேட்டாத்தான் தோண்டுவோம். நீங்க இவங்களுக்கு யாரு?"

"மக."

ஊரே நின்றுகொண்டிருந்தது. அண்ணியைப் பெற்றவள் யார் என்று அங்கே தெரியாதவர் இல்லை. அந்தக் காலத்தில் ஜெர்மன்காரியை அம்மா என்று சொல்வது விளையாட்டுக் காரியமும் இல்லை.

"நிஜமாவா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டான்.

"ஆமாந் தம்பி," என்றேன். "நான் இவ நாத்தனார். எனக்குத் தெரியாதா?"

"மகதான், மகதான்," என்றார் பின்னாலிருந்து ரொட்டிக்கடைக்காரர். அதுவரை நான் சொன்ன எதையுமே ஒப்புக்கொள்ளாத மனுஷன்.

தோண்டினார்கள். கிழவியின் எலும்பு கிடைத்தது, அவள் ஜெபமாலை கிடைத்தது. பிள்ளையின் எலும்பு என்று ஒன்றுமே கிடைக்கவில்லை.

"பச்சப்புள்ள எலும்பு இத்தன வருஷம் நிக்காதும்மா," என்றார் குழிக்குள்ளிருந்த ஆள். "மண்ணோட மண்ணாயிருக்கும்."

அண்ணி மரப்பெட்டியை மடியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையசைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அவங்க கை எப்படி இருந்துச்சு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வலது கை எல்லாருக்கும் வைக்கிற மாதிரி நெஞ்சு மேல இருந்துச்சு. இடது கைதான் தனியா, வளைஞ்சு, மாரோட எதையோ அணைச்சாப்ல இருந்துச்சு. ஏன்னு நானும் நெனச்சேன்."

அண்ணி ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெற்ற அன்று ஜன்னி அவளை அழவிடவில்லை. இப்போது ஒத்தகர் வந்து தோளைத் தொட்டபோது அவன் கையைத் தட்டிவிட்டு, அந்தக் குழியைப் பார்த்து, "அம்மா, அம்மா" என்று கதறினாள். இந்தமுறை அதை அவள் யாருக்காகவும் பொய்யாகச் சொல்லவில்லை.